டாக்டரம்மா ஓட்டின வண்டியும் பெங்களூர் டிரம்ஸும்

சாலமோனுக்குக் கை சும்மா இருக்காது. ஓட்டலில் தோசை வருவதற்குள் மேஜையில் ஒரு பாட்டு வாசித்து முடித்துவிடுவான். சாவு விழுந்த துட்டி வீட்டில்கூட பிளாஸ்டிக் நாற்காலியில் விரல் ஓடும். பக்கத்தில் இருப்பவர் முறைத்தால் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான். அப்புறம் கால் ஆட ஆரம்பிக்கும்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வாங்கி விற்பது அவன் பிழைப்பு. டிரம்ஸ்தான் உயிர். எட்டாவதோடு படிப்பை விட்டவன், சர்ச்சில் தட்டிப் பழகி, மாரிக்கண்ணுவின் மெல்லிசைக் குழுவில் பன்னிரண்டு வருடமாக வாசித்தான். டிரம்ஸில் ஒரு அடி தப்ப மாட்டான். வியாபாரத்தில் அவன் சொல்லும் ஒரு வார்த்தையையும் நம்பக் கூடாது.

இதை நான் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். 1999 தை மாதம் என் ஸ்கூட்டரை அவனிடம்தான் வாங்கினேன். "ஒரே கை வண்டி வே. டாக்டரம்மா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டினது" என்றான். ஒரே உதையில் கிளம்பியது. இஞ்சின் சூடாக இருந்ததைத் தொட்டும் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆறிக் கிடந்தால் லேசில் கிளம்பாத அந்த வண்டியை, நான் வருவதற்கு முன்பே அவன் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கியிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. மணிமுத்தாறு போகிற வழியில் வண்டி படுத்துவிட, பெண்டாட்டி பிள்ளையோடு நட்டநடு ரோட்டில் நின்றேன். திரும்பி வந்து சண்டை போட்டால் அவன் அசரவில்லை.

"நீரு கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னம்லா வே. பிஸ்டன் எப்படி இருக்குன்னு நீரு கேக்கல."

முருகன்குறிச்சியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அதே வருடம் ஆனியில் சாலமோன் அங்கே வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. மாரிக்கண்ணு ரிதம் பேடு வாங்கிவிட்டார். விரலால் தட்டினால் எல்லாத் தாள வாத்தியமும் அதிலேயே வரும். குழுவின் பழைய டிரம்ஸையும் விற்றுவிட்டார். பன்னிரண்டு வருடப் பழக்கத்துக்காக ஒரு வழி மட்டும் விட்டிருந்தார்: ஆவணியில் வரும் களக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்குள் சொந்தமாக நல்ல செட்டோடு வந்தால் அவனுக்கு இடம் உண்டு.

"இங்கன கம்ப்யூட்டர்ல பழசு கிடைக்குமாமே. பாத்துச் சொல்லும் வே" என்றான்.

நாலு நாள் தேடி, பெங்களூரில் ஒருவர் போட்டிருந்த விளம்பரத்தைப் பிடித்தோம். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த செட். படம் மேலிருந்து பைய பைய இறங்கியது. சிவப்பு மினுக்கம் தெரிந்ததுமே அவன் என் மேஜையில் வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

"எத்தனை கை மாறிச்சு?"

"ஒரே உரிமையாளர்னு போட்டிருக்கு."

"அடிச்சுத் தேஞ்சதா?"

"ரொம்பக் குறைவா வாசிச்சதாம். வயசுக்கேத்த தேய்மானம்தானாம்."

தினமும் அவனே பத்துப் பேரிடம் சொல்லும் வசனம். அவன் காதுக்கு அது கேட்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை ஓடிப்போய்ச் சறுக்கியது. அந்த இங்கிலீஷ் விளம்பரத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. பல வருடமாக எங்கள் கிளப் கூடத்தில் அழகுக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நான் அதைப் படித்தேன். அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. மணிமுத்தாற்று ரோடு எனக்குள் இன்னும் ஆறாமல் கிடந்தது.

அவன் தன் சொந்த மோட்டார் சைக்கிளை விற்றுப் பணம் அனுப்பினான். பிறகு சமாதானபுரத்திலிருந்து நடந்தே வருவான், ஒரு நாளைக்கு மூன்று தரம். "மெயில் வந்துச்சா வே?" வரவில்லை என்றால் வாசலுக்குப் போவான், திரும்புவான், மறுபடி கேட்பான். அவன் விரல் சத்தத்தில் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வரியைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். பணம் போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

களக்காட்டுக் கொடைக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. வண்ணாரப்பேட்டை லாரி ஆபீஸில் வைத்தே பிரித்தான். முன்பக்கம் மினுமினுத்தது. படத்தில் தெரியாத பின்பக்கம் ஈரத்தில் ஊதி, பலகை விரிந்திருந்தது. மேலே பூந்தொட்டி வைத்த வட்டத் தடங்கள், மெழுகு உருகிய கறை. வட்டமாக இருக்க வேண்டிய பேஸ் டிரம் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதில் எந்தத் தோலும் சரியாக உட்காராது. மூன்று நாளும் முறுக்கிப் பார்த்தான், ஒட்டிப் பார்த்தான். மாரிக்கண்ணு வந்து ஒரு பாட்டுக் கேட்டார்.

"ஏலே சாலமோன், தகர டப்பா மாதிரி இருக்குலே. நான் பேடையே கொண்டுபோறேன். ஒண்ணும் நினைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

களக்காட்டில் கச்சேரி நடந்த அன்று சாயங்காலம் சாலமோன் என் கடைக்கு வந்தான்.

"அந்த பெங்களூர்க்காரனுக்கு நாலு வார்த்தை நறுக்குனு எழுதணும் வே. முதல்ல அந்த விளம்பரத்தை வாசியும். ஒரு வரி விடாம."

ஒரு வரி விடாமல் வாசித்தேன். கடைசி வரியையும்.

"இது அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பெறகு ஏன் வாசிக்கல?"

"நீரு கேக்கல."

எட்டு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த பதில். சொன்ன மறு நிமிடமே எனக்குக் கூசியது. ஒரு ஸ்கூட்டருக்காக ஒருவனுடைய பன்னிரண்டு வருடத்தைத் தொலைத்திருக்கிறேன். சாலமோன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கை மேஜைமேல் கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதைவிட அவன் என்னை அடித்திருக்கலாம்.

"ஸ்கூட்டர் சாவியத் தாரும்" என்றான்.

காலையில் பத்து உதை வாங்கித்தான் கிளம்பும் அதே வண்டி. கொடுத்தேன்.

எட்டாம் நாள் காலையில் கடை திறக்கப் போனால் வாசலில் வண்டி நின்றது. பக்கத்து டீக்கடையில் சாவியைக் கொடுத்திருந்தான். புதுப் பிஸ்டன் போட்டிருப்பதாக மட்டும் சொல்லச் சொன்னானாம். ராத்திரியே கொண்டுவந்து விட்டுவிட்டானாம்.

உட்காருவதற்கு முன் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது.