தார்ப்பாய் எடுத்து வராதவன்

மரக்காணம் உப்பளத்தில் நானும் என் மனைவியும் குத்தகைக்கு எடுத்த பாத்திகள் இருக்கின்றன. காலையில் போனதும் வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு மழைதான், எல்லாம் போச்சு" என்று சொல்வது என் வழக்கம். அதைப் பெரிய அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் யாராவது சிரித்துப் பேசினால், விவரம் கெட்டதுகள் என்று மனசுக்குள் திட்டுவேன்.

ஒரு சித்திரையில் நிஜமாகவே மழை கொட்டியது. குவித்த உப்பை மூட எல்லாரும் ஓடினார்கள். நான் வரப்பில் நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். வெட்கக்கேடு, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கரைந்துகொண்டிருந்தது என் உப்பு.

கிழிந்த சாக்குகளைக் குவியல்மேல் விரித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "மழை வரும்னு உங்களுக்கு அவ்ளோ நல்லா தெரியுமே, வீட்ல கிடக்குற தார்ப்பாய ஏன் எடுத்துட்டு வரல?"

அத்தனை வருஷமாக நான் அறிவென்று பீற்றிக்கொண்டது சுத்தமான சோம்பேறித்தனம்.

இப்போதும் காலையில் எழுந்ததும் மழை வரும் என்றுதான் தோன்றுகிறது. தார்ப்பாயைப் பைக்கில் கட்டி முடித்தபிறகு, அதை யாரிடமும் சொல்லத் தோன்றுவதில்லை.