அக்காவின் வண்டித் தளம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி எழுது, பழைய பிக்கப் வண்டிக் கதையெல்லாம் வேண்டாம் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். அந்த வண்டிக் கதையைத்தான் எழுதப் போகிறேன். அதில் என் தவறு ஒன்று இருக்கிறது. அக்கா உயிரோடு இருந்தவரை அதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா கருவடிக்குப்பத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு அவரை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார்கள். நான் பிரெஞ்சு ஆசிரியரானேன். பிரெஞ்சில் ஐயா என்று மாணவர்கள் அழைப்பதுபோலவே அக்காவும் என்னை "மிசே" என்று கேலி செய்வார். ரெட்டியார்பாளையத்தில் மணம் முடித்தார். மாமா அந்த வண்டியில் மீன் பெட்டி ஏற்றினார். பனிக்கட்டி உருகி வழிந்த உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் வண்டியின் தகட்டுத் தளத்தில் ஊறியது. மாமா இறந்தபோது வண்டியை விற்கச் சொன்னோம். அக்கா நாற்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, விசேஷ வீடுகளுக்கு நாற்காலியும் அண்டாவும் ஏற்றினார். ஆண்கள் சிரித்தார்கள். அவர் கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாற்காலிகள் அந்த வண்டியில்தான் வரவிருந்தன. துருப்பிடித்த தளத்தைச் சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கனமான ரப்பர் பாய் வாங்கி, ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டச் செய்தேன்.

"தண்ணி எங்கடா போவும்?" என்று அக்கா கேட்டார்.

பாய் தண்ணீரை உள்ளேயே விடாது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். தண்ணீர் வடிவதற்கு இருந்த துளைகளையும் அந்தப் பாய் மூடியிருந்தது. பக்கப் பலகை இணைப்புகள் வழியாக இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கியது.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஏற்றிய அண்டா, பாயோடு சேர்ந்து தளத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. மறுநாளே மாமாவின் தம்பி எல்லோரையும் கூட்டினார். பொம்பளைக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, கழுவித் துடைக்காமல் அழுக விட்டுவிட்டார், காயலான் கடைக்குப் போடுங்கள் என்றார். அந்த வண்டிதான் அக்காவின் சோறு. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. விற்றுவிடுவதே நல்லது என்றேன்.

அக்கா எழுந்து வண்டியிடம் போனார். கடப்பாறையால் பாயை நெம்பி எடுத்தார். அடியில் தகடு அப்பளமாக நொறுங்கியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாய் நல்ல பாய்தான் மிசே. தண்ணி போறதுக்குத்தான் வழி இல்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

புதுப் பாடி கட்ட வசதியில்லை. பக்கப் பலகைகள் திடமாக இருக்கின்றன, தளத்தை மட்டும் வெட்டினால் போதும் என்று வெல்டரிடம் அவரே தட்டிக் காட்டினார். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு காயலான் கடையில், இடித்த கொட்டகையிலிருந்து வந்த, மேலே புள்ளி புடைத்த கனமான இரும்புத் தகடு கிடைத்தது. ஒரு சாண் குறைந்தது. இன்னொரு துண்டை வைத்து ஒட்டுப் போட்டார்கள். குறுக்குச் சட்டங்களில் இருந்த துருவை அக்காவே மூன்று நாள் கம்பி பிரஷால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் இரண்டு கை அடித்தார். தண்ணீர் வடிய மூலைகளிலும் ஓரங்களிலுமாக ஆறு துளை போடச் சொன்னார்.

பிறகு அதே ஆட்களை வரவழைத்தார்.

"ஏறி மிதிச்சுப் பாருங்க தம்பி," என்றார் மாமாவின் தம்பியிடம்.

அவர் ஏறினார், குதித்தார். அசையவில்லை. "ஒட்டுப் போட்டது தெரியுதே அண்ணி," என்றார்.

"தெரியட்டும். மூடி வெச்சுத்தான் கெட்டுது."

என்னையும் கூப்பிட்டார். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். எனக்கு முழங்கால் வலி இல்லை.

அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அந்தத் தளத்தின்மேல் அக்கா குடும்பத்தை நடத்தினார், மகளைப் படிக்க வைத்தார். சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் கிடந்தபோதும் மழைச் சத்தம் கேட்டால், துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பு எடுத்துவிட்டாயா என்று மகளிடம் கேட்பார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் உதவிய தெருக்காரர்களுக்கும், கடைசியில் ஜெபம் சொல்ல வந்த அருட்தந்தைக்கும், சொன்னபடி செய்து கொடுத்த அந்த வெல்டருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன்.

வண்டியை அழுக விட்டவர் அக்கா இல்லை. நான். இதுவரை அவரைக் குறை சொன்னவர்கள் இனி என்னைச் சொல்லுங்கள்.

வண்டியை இப்போது அக்காவின் மகள் ஓட்டுகிறாள். பழசாகிவிட்டது, எப்போது விற்பாய் என்று அவளிடமும் கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். விற்கமாட்டாள். நினைவுத் திருப்பலி முடிந்து நீங்கள் உட்கார்ந்து சாப்பிடப் போகும் நாற்காலிகள் அந்த வண்டியில்தான் வருகின்றன. சந்தேகம் இருப்பவர்கள் ஏறி மிதித்துப் பார்க்கலாம். அன்றைக்கு ஏறாத நான், இந்த முறை உங்களுக்கு முன்பே ஏறி நின்றுகொண்டிருப்பேன்.

தம்பி