பதினெட்டு வோல்ட்டுக்குள்

இன்று காலையில் ஃபோன் சார்ஜர் கருகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, சுவரைத் துடைத்து, ஜன்னலைத் திறந்தேன். எரிந்த பிளாஸ்டிக் வாடை, அதற்கடியில் ஏதோ ஒரு கசப்பு. தங்கச்சியின் கல்யாணத்தன்று பிரியாணி மணத்தையும் மீறி எங்கள் வீட்டில் நின்றது அந்தக் கசப்புத்தான்.

எங்கள் ஊர் மருதமுனையில் அப்போது நிக்காஹ் பெண் வீட்டு முன்ஹோலில் நடக்கும். பெண் உள்ளறையில் இருப்பாள். ஸ்பீக்கர் வைத்தால்தான் அவளுக்குக் கேட்கும். வாடகை செட் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட, மச்சான் நஸீர் தானே செய்த அம்ப்ளிஃபயரோடு வந்தான். வாப்பாவுக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. பேச்சு காற்றாகத்தான் வரும். மகளைக் கொடுக்கும் வார்த்தையை மைக்கில் சொல்ல வேண்டியவரோ தகப்பன்தான்.

"தம்பிக்குப் பதிலா நான் சொல்லிக் குடுக்கன்" என்றார் பெரியவாப்பா.

தங்கச்சி விடவில்லை. "வாப்பாட வாயால என்ட காதுக்குக் கேக்கணும்."

பின்னேரம் அஸர் தொழுததும் நிக்காஹ். மதிய ஜும்ஆ முடிந்து வந்த நஸீர் கரண்ட் கொடுத்ததும், அம்ப்ளிஃபயரில் சத்தத்தைப் பெருக்கும் ஐசி புகைந்தது. பதினெட்டு வோல்ட்டுக்கு மேல் தாங்காத அதற்கு முப்பத்துமூன்று போயிருக்கிறது. மிச்சம் ஒரேயொரு ஐசி. வெள்ளிக்கிழமை, கல்முனையில் கடையும் பூட்டு.

வோல்டேஜைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, ஐசிக்குப் பதில் ஒரு கார் பல்பை எரித்துப் பார்த்தோம். மீட்டர் பதினைந்து காட்டியது. நஸீர் ஐசியை எடுத்தான். நான் பல்பைக் கழற்றினேன். எடுத்த பொருளை உடனே பெட்டியில் வைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது, வீட்டில் கேலி செய்வார்கள். பல்பு போனதும் முள் முப்பதைத் தாண்டி ஏறியது. கரண்ட் இழுக்க ஆளில்லாதபோது ரெசிஸ்டர் எதையும் குறைப்பதில்லை. மைக்கில் யாரும் பேசாத நேரத்தில்தான் ஐசி சாகும்.

"அப்ப மாமாவ ஓயாமக் கதைக்கச் சொல்லுவமா?" என்றான் நஸீர். பகிடிதான். ஆனால் எடுத்த ஐசியைத் திரும்பக் கீழே வைத்தான்.

வெளியே மாப்பிள்ளை வந்த வான் ஹோர்ன் அடித்தது. அப்போதுதான் என் கண்ணில் பட்டது: ட்ரான்ஸ்போமரில் மூன்று வயர்கள். சத்தம் வேண்டுமென்று நஸீர் இரண்டு ஓரங்களையும் எடுத்திருந்தான். ஓர் ஓரத்தோடு நடு வயரை எடுத்தால் பாதி வோல்டேஜ்தான் வரும்.

"சத்தமும் கொறயும் மச்சான்."

"கொறயட்டும்டா. உசிரோட இரிந்தாப் போதும்."

பல்பு இல்லாமலே மீட்டர் பதினாறரையில் நின்றது. ஐசியை ஈயத்தால் பற்றவைத்தோம்.

மௌலவியின் குத்பா ஸ்பீக்கரில் வந்ததும் பெரியும்மா கேட்டா: "இதென்ன புள்ள, காதுக்குள்ள நுளம்பு கதைக்கிற மாதிரி?" உள்ளறை சிரித்தது. பிறகு மைக் வாப்பாவிடம் போனது. உள்ளறை வாசற்படியில் நின்ற எனக்கு அவர் உதடு அசைவது தெரிந்தது. கேட்டதெல்லாம் பெண்களின் காப்புச் சத்தமும் பிள்ளைகளின் அழுகையும். சத்தத்தைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பியாயிற்று.

மணப்பெண் வாய் திறக்கக்கூடாத நேரம். தங்கச்சி திறந்தாள்.

"எல்லாரும் வாய மூடுங்க! என்ட வாப்பா கதைக்கார்."

அறை அடங்கியது. யாரோ ஒரு குழந்தையை மார்போடு அணைத்தார்கள். வாப்பாவின் குரல் உரசிக்கொண்டு வந்தது: "என்ட மகள் ஸுபைதாவ..." தங்கச்சி முக்காட்டு ஓரத்தைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டாள்.

வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்து வருடங்களாகிவிட்டன. இப்போது நிக்காஹ்களெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டன. பெண்கள் பக்கம் பெரிய திரையில் மாப்பிள்ளையின் தொண்டை அசைவதுகூடத் தெரிகிறது. ஒருவரின் குரலுக்காக அத்தனை பெண்கள் மூச்சை அடக்கியதை அதன்பின் நான் பார்த்ததில்லை. ஹோலுக்கும் உள்ளறைக்கும் இடையிலிருந்த சுவரையும் நாங்களே இடித்துவிட்டோம். வாசற்படி இருந்த இடத்தில் டைல்ஸ் ஓடுகிறது.