கரிப்பைக்கு இரட்டைத் தையல்

ஊருக்கு அடியில் நிலக்கரி இருந்துவிடக் கூடாது என்று தையற்காரம்மா வேண்டிக்கொள்ளாத நாளில்லை. அந்தக் கரியின் மாதிரி சிந்தாமல் சிதறாமல் சோதனைக்கூடம் போய்ச்சேரத் துணிப்பை தைத்துக் கொடுத்தவரும் அவரேதான். ஒற்றைத் தையலோடு விட்டிருந்தால் பாதி வழியில் பிய்ந்து, கணக்கே குழம்பியிருக்கும். மனம் அதைத்தான் சொன்னது. கை கேட்கவில்லை, இரட்டைத் தையல் போட்டது.

கணவர் போன பிறகு, ஊராரின் சட்டைகளைத் தைத்துத் தைத்து அவர் எழுப்பிய வீடு அது. சுரங்கம் வந்தால் போய்விடும். மாடியறையில் குடியிருந்தவளோ, கரி தேடித் துளை போடும் குழுவோடு வந்த நிலவியல்காரி. அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெயர் ‘கல்லுப் பொண்ணு’.

அவள் பை கேட்டால் கரி அகப்பட்டிருக்கிறது என்று பொருள்.

“இன்னும் கொஞ்சம் பை வேணும்மா. மேற்குப் பக்கம் நல்ல கனமான அடுக்கு.”

“உன் வாயில நல்ல சேதியே வராதா? சரி, சாப்பிட்டியா?”

பிறகு துளை போடும் எந்திரம் கிழக்கே, அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனைக்கு வந்தது. பல நாள் பையே கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் உருளையாக ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து தையல் எந்திரத்தின் மேல் வைத்தாள்.

“எரிமலைக் குழம்பும்மா. எந்தக் காலத்துலயோ பிளவு வழியா ஏறி, பூமிக்குள்ள சுவர் மாதிரி உறைஞ்சு நிக்குது. அந்தச் சூட்டுல இந்தப் பக்கத்துக் கரியெல்லாம் வெந்து வீணாப்போச்சு. சுரங்கம் சுவரோட நின்னுடும். உங்க வீடு தப்பிச்சுது.”

“மகராசனா இரு!” என்று கல்லை வாழ்த்திக் கன்னத்தில் வைத்துக்கொண்டார் அம்மா. உடனே கீழே இறக்கினார். “அப்போ என் தங்கச்சி வீடு?”

நாலு தெரு தள்ளி, மேற்கே. கனமான கரி அடுக்கு இருக்கும் பக்கம்.

சாயங்காலமே தங்கை வந்தாள். அழுவதற்கு அல்ல, சண்டைக்கு.

“உனக்குன்னா பாறைகூட வந்து குறுக்க நிக்குது. பொறந்ததுலேருந்தே இப்படித்தான்.”

“மாடிக்கு வந்துடுடீ. அந்தப் பொண்ணு அடுத்த மாசம் கிளம்பறா.”

“உன்கூடயா? ஒரு நாள் தாங்கமாட்டே.”

“இத்தனை வருஷமா தாங்கலையா?”

“அப்போ நடுவுல நாலு தெரு இருந்துச்சு!” மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, “என் அலமாரி இல்லாம வரமாட்டேன்” என்றாள்.

மாடிக் கதவை அளந்தார்கள். அலமாரி அதைவிட அகலம். “பாத்தியா?” என்றாள் தங்கை, தோற்றவர்கள் மட்டுமே காட்டக்கூடிய வெற்றியோடு.

இந்த வீட்டின் ஒரு செங்கல்கூட அசையக் கூடாது என்று மாதக்கணக்கில் உருகிய அம்மா, தையல் சுண்ணக்கட்டியை எடுத்து, கதவை ஒட்டிய சுவரில் ஒரு கோடு கிழித்தார்.

“இதுவரைக்கும் இடிச்சாப் போதுமா?”

தங்கை கோட்டுக்குப் பக்கத்தில் விரல்களை வைத்து அளந்தாள். அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

“இன்னும் நாலு விரல்.”