ஒற்றைக்கண் வண்டி

அப்பாவின் பிக்கப் வண்டிக்கு ஒரு கண் போனபோது நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். டிரைவர் பக்கத்து ஹெட்லைட் எரியவில்லை. காலையில் காய்கறியும் உரமூட்டையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே உள்ள தோட்டங்களுக்குப் போவார். பொழுது சாய்ந்ததும் ஏலக்காய் மூட்டைகளோடு இறங்குவார். "ஒத்த லைட்டோட அந்த வளைவுல வராதீங்க, பல்ப மாத்துங்க" என்று அம்மா தினமும் சொன்னாள். அப்பாவும் தினமும் "நாளைக்கு" என்றார். எங்கள் வீட்டில் நாளை என்பது மிக நீளமான நாள்.

வீடு மலையடிவாரத்தை ஒட்டி இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் மலைப்பாதையில் வண்டிகள் விளக்கோடு இறங்குவது தெரியும். அந்த வாரம் முழுக்க, துணி எடுக்கப் போன அம்மா சீக்கிரம் கீழே வரமாட்டாள். எல்லா விளக்கும் ஜோடியாக வர, நடுவில் ஒன்று மட்டும் தனியாக வரும்.

"பைக்கா இருந்தா?" என்று கேட்டேன்.

"பைக்குன்னா வெரசா வரும். இது லோடு வண்டி, எப்பிடி மெல்ல வருது பாரு. ஒங்கப்பாதான்."

இறங்கிப் போய் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அதற்கு முன்பெல்லாம் தெருமுனையில் ஹாரன் கேட்கும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். மலையில் போன் எடுக்காது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒருவழியாகப் புதுப் பல்பு வாங்கி வந்தார். பானெட்டைத் தூக்கிக் கையை விட்டால் பேட்டரி இடித்தது. "ஆத்தா, ஒங் கையக் கொண்டா" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கண்ணாடியத் தொட்டுறாத. கை எண்ணெ பட்டா பல்பு போயிரும்."

நான் எண்ணெயே தொடவில்லையே என்று கையை முகர்ந்து பார்த்தேன். கழுவின கையிலும் எண்ணெய் இருக்கும் என்றார். பழைய பல்புக்குள் அறுந்து கிடந்த இழையைக் காட்டினார். இவ்வளவு பெரிய மலையை இந்த முடி மாதிரி இழையா காட்டிக்கொண்டிருந்தது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதியதைத் துணியால் பிடித்து உள்ளே வைத்து, கம்பிக் கிளிப்பை மாட்டி, வயரைச் செருகினேன். எரிந்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மலையிலிருந்து எல்லாமே ஜோடி ஜோடியாக இறங்கின. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனாள். சாப்பிடும்போது அப்பாவிடம், "பல்ப மாத்துனாலும் மாத்துனீங்க, எது நம்ம வண்டின்னே தெரியல" என்றாள். மாற்றச் சொன்னதே இவள்தானே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்பா இன்னொரு தோசை கேட்டார்.

அடுத்த நாள், மலையில் ஒரு வண்டி ஓரமாக நின்றது. விளக்கு இரண்டும் அணைந்தன, எரிந்தன. மறுபடியும் அணைந்து எரிந்தன. அம்மா விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். நம் வண்டியேதான், நான் செருகிய வயர் ஆடுகிறது!

அப்பா வாசலில் கால் வைத்ததும், "அப்பா, பல்பு லூசா இருக்கு, அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாவைக் கலக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கலக்கின மாவு.

"ஆமாத்தா, காலையில பாப்போம்" என்றார்.

காலையில் பானெட்டைத் திறந்துவிட்டார். நான் வயரை அழுத்திவிட்டேன். அன்று சாயங்காலமும் அணைந்து எரிந்தது. பிறகு தினமும் அதுவே என் வேலையாகிவிட்டது. "நல்லா அமுக்கு" என்று வாசலிலிருந்து அம்மா சொல்வாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நானும் பள்ளிக்கு நேரமானாலும் விடாமல் பலம் கொண்ட மட்டும் அமுக்குவேன். நான் மாட்டியது ஒரு பல்புதான், மலையில் இரண்டும் சேர்ந்தல்லவா அணைகின்றன என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.