தெரசம்மாள் வீட்டு லண்டன் ரேடியோ

தெரசம்மாள் வீட்டு வாசலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தானாக வந்து சேரத் தொடங்கியது. விடிந்து கதவைத் திறந்தால் ஒருநாள் கிழங்கு, ஒருநாள் கீரைக்கட்டு, ஒரு தரம் கருவாடுகூட. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், ஜப்பான்காரன் தேயிலைச் செடியைப் பிடுங்கிக் கிழங்கு நடச் சொன்ன காலம் அது. தன் பிள்ளை வயிற்றுக்கே பற்றாத ஜனம் அடுத்த வீட்டு வாசலில் கிழங்கு வைக்கிறது என்றால் சும்மாவா?

"மாதா குடுக்குறாங்க, வாங்கிக்கோலா," என்றான் அவள் புருஷன் சிரில். எதையும் மாதா தலையில் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கிற மனுஷன். தெரசம்மாள் அப்படியல்ல. ஓசியில் ஒரு வெற்றிலை வந்தாலும் திருப்பிப் பார்ப்பாள். ஆனால் பசிக்கிற வீட்டில் எவ்வளவு நேரம்தான் கிழங்கைத் திருப்பிப் பார்ப்பது? அவித்துத் தின்றார்கள்.

காரணம், அவர்கள் இருவரைத் தவிர ரிங்லெட் ஊருக்கு மேலே மலையிலிருந்த அந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரியும். சிரில் வீட்டில் ரேடியோ இருக்கிறது!

இருந்தது ரேடியோ அல்ல, பிலோமி.

பல வருஷம் வேண்டிப் பிறந்த பெண் பிள்ளை. கண்ணோரம் லேசாக மேலே சாய்ந்திருக்கும். நாக்கு நுனி எப்போதும் உதட்டில் எட்டிப் பார்க்கும். தூக்கினால் கையிலும் காலிலும் வலுவில்லாமல் துவண்டு தோளில் ஒட்டிக்கொள்வாள். இந்தக் காலத்தில் டவுன் சிண்ட்ரோம் என்று சொல்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சத்தம்தான். பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தால் போதும், மூச்சை இழுக்கும்போது 'கீஈஈ' என்று ஒரு கீச்சு, பின்னாலேயே கரகர, நடுவில் கொஞ்சம் கொரகொர.

தெரசம்மாள் பதறிப்போய் எஸ்டேட் மருந்துக்கொட்டகைக்கு ஓடினாள். அங்கே மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் டொனால்ட் பிள்ளையைப் படுக்கவைத்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஒடம்பு தளர்ச்சிம்மா. தொண்டைக்குள்ள இருக்கிற சதையும் தளர்ச்சி. மல்லாக்கப் போட்டா அது மூச்சுப் பாதையில சாயுது, காத்து முட்டி மோதிக்கிட்டுப் போவுது. தோள்ல நிமித்திப் போட்டுக்க, அடங்கிடும். வளர வளரத் தொண்டை கெட்டிப்படும்."

"மருந்து?"

"ஜப்பான்காரன் என்கிட்ட விட்டு வச்சிருக்கிறது அயோடின் மட்டுந்தான்லா. கேளு, சத்தத்துக்குப் பயப்படாத. நெஞ்சுக்குழி உள்வாங்குனா, ஒதடு நீலமா போனா, பால் குடிக்க முடியாம தெணறுனா, அப்பப் பயப்படு. ஒடனே தூக்கிட்டு ஓடியா."

அன்றிலிருந்து தெரசம்மாள் பிள்ளையின் நெஞ்சுக்குழியைப் பார்த்த அளவுக்கு வானத்தைக்கூடப் பார்த்ததில்லை. சமைக்கிற நேரம் மட்டும் வேறு வழியில்லாமல் பாயில் போடுவாள்.

அந்த நேரம்தான் லயத்துக்குச் செய்தி நேரம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சத்தமில்லாமல் வந்து குந்துவார்கள். தலைமை, பக்கத்து வீட்டு நாகப்பன். துரை பங்களாவில் புல் வெட்டப் போனபோது ஜன்னல் வழியாக ஒரு தரம் ரேடியோ கேட்டவர். அந்த ஒரு தரம் போதாதா நிபுணராவதற்கு?

"இந்தக் கீச்சு லண்டன். இப்ப கரகரங்குது பாரு, அது பர்மா. சண்டை பலமா நடக்குது," என்பார். பிலோமி தும்மினால், "குண்டு போட்டுட்டான்டா!" என்று தொடையில் அடித்துக்கொள்வார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. இங்கிலீஷ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். கேட்ட செய்திக்கு நன்றியாகத்தான் அந்தக் கிழங்கு. சிரிலிடம் வாய்விட்டுக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. ரேடியோ வைத்திருந்தால் தலை போகும் என்பது ஜப்பான்காரன் சட்டம்.

ஊர் வாய்க்கு மூடி ஏது? விஷயம் எஸ்டேட் கணக்கெழுதுகிற கிராணி வேலப்பன் காதுக்குப் போனது. துரை இருந்தபோது துரைக்கு முன்னால் குனிந்த முதுகு, இப்போது ஜப்பான் அதிகாரிக்கு முன்னால் குனிந்து மொழிபெயர்த்தது. வேலப்பனுக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தைகளை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். அதில் 'ரேடியோ' இருந்ததுதான் சிரிலின் கெட்ட நேரம்.

ஒரு மத்தியானம் ஜப்பான் பட்டாளத்து லோரி வந்து நின்றது. சிரிலை வாசலில் முட்டிபோட வைத்து ஒரு சிப்பாய் கழுத்தருகே துப்பாக்கி ஈட்டியை வைத்தான். மற்றவர்கள் வீட்டைப் பிரித்துப் போட்டார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், அதில் அரிசியே இல்லை. கிழங்குக் குவியலை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார்கள். ஒரு கிழங்குகூடப் பேசவில்லை.

"கிராணியாரே, சொல்லுங்க அவருகிட்ட! அந்தச் சத்தம் என் புள்ள சத்தம்!" என்று அலறினாள் தெரசம்மாள்.

வேலப்பன் இருந்த வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்தார். தேறியது இரண்டு. "குழந்தை. ரேடியோ," என்றார் ஜப்பான் பாஷையில், மிகுந்த மரியாதையோடு.

அதிகாரி முகம் கோணியது. மெல்லக் கிட்டே வந்து, பிலோமியின் தாடையைப் பிடித்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார். ரேடியோ தெரியவில்லை. அம்மா தோளில் நிமிர்ந்து கிடந்த பிலோமி ஒரு சத்தமும் இல்லாமல், நாக்கை நீட்டி, அவரைப் பார்த்துச் சிரித்தாள். சத்தம் எங்கே என்று அதிகாரி கையை விரித்துக் காட்டினார். சிப்பாயின் ஈட்டி சிரிலின் கழுத்தில் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

சத்தம் எங்கே இருக்கிறது என்று தெரசம்மாளுக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்குச் சளி கட்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் மல்லாக்கவே போடாதே என்று டிரஸ்ஸர் காலையில்தான் சொல்லியிருந்தார். புருஷன் கழுத்தா, பிள்ளை மூச்சா? எந்தத் தாய்க்கும் வரக்கூடாத கணக்கு. மாதாவே என்று சொல்லிக்கொண்டு பிலோமியை வாசல் பலகையில் கிடத்தினாள்.

'கீஈஈ... கரகர... கொரகொர...'

அதிகாரி குனிந்து, கண்ணை மூடிக் கேட்டார். வாசலில் கூடியிருந்த லயத்து ஜனம் மூச்சைப் பிடித்து நின்ற அந்த அமைதியில், பழக்க தோஷம், நாகப்பன் வாயை விட்டார். "இன்னிக்கு பர்மா பக்கம் அடி பலம்..." சொன்ன பிறகுதான் இருக்கிற இடம் உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார். வேலப்பன் திரும்பிப் பார்த்தார். முழுக்கதையும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்ல ஜப்பான் வார்த்தை கைவசம் இல்லாதது மாதா செயல்தான்.

பிள்ளையின் நெஞ்சுக்குழி உள்வாங்கியது. தெரசம்மாள் சடக்கென்று தூக்கித் தோளில் போட்டாள். சத்தம் நின்றது. அதிகாரிக்கு ஆச்சரியம். கீழே போடு என்று விரலைக் காட்டினார். போட்டாள், சத்தம். தூக்கு என்றார், அமைதி. மறுபடியும் போடு. அவருக்கு ஏதோ புது விளக்கு சுவிட்சு கிடைத்த குஷி. பலகையில் பிலோமியின் உதட்டில் நீலம் ஓடியதை அவர் பார்க்கவில்லை. தெரசம்மாள் பார்த்தாள்.

"போதும்டா பாவி! மூச்சு வாங்குது எம்புள்ளைக்கு!" என்று கத்தி, பிள்ளையை வாரியெடுத்து முதுகைக் காட்டி நின்றாள். சுடுவதென்றால் சுடட்டும். அவள் கோபம் அத்தனை.

மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதிகாரி நிமிர்ந்தார். சிரிலை விடச் சொன்னார். ஆனாலும் லோரியில் வந்தவர் வெறுங்கையோடு போவாரா? ஓர் உத்தரவு போட்டார். வேலப்பன் சைகையில் விளக்கினார். ரேடியோ போலச் சத்தம் போடுவதும் குற்றம்தான். இனி இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் சிரில் போவான்.

பிள்ளை மூச்சுக்கே தடைச்சட்டம்! அன்று இருட்டும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு நாகப்பன் நின்றார், தலை குனிந்தபடி.

"புள்ளையக் குடு தங்கச்சி, நான் தோள்ல போட்டுக்கறேன். நீ செத்த நேரம் படு. இத்தன நாளு ஓசில நியூஸ் கேட்டோம்லா."

அதற்குப் பிறகுதான் கிழங்கின் கதை தெரசம்மாளுக்குத் தெரிந்தது. சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே நினைவில்லை.

அன்றிலிருந்து பிலோமி மல்லாக்கப் படுத்ததில்லை. பகலில் அம்மா முதுகில் கட்டிய துணியில் நிமிர்ந்தபடி கிழங்குத் தோட்டம் போவாள். இருட்டினால் தோள் மாற்றித் தோள். லயத்தில் அவள் எச்சில் படாத தோளே கிடையாது. இரண்டொரு தரம் வேலப்பன்கூட வந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, முறை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஒருநாள், ரிங்லெட்டில் ஜலால் சாப்பாட்டுக் கடைக்குப் போய்வந்த சிரில் ஓடிவந்து சொன்னான். ஜப்பான்காரன் தோற்றுவிட்டானாம், சண்டை முடிந்ததாம்.

"ரோட்டுல பேசுறதையெல்லாம் நம்பாத," என்றார் நாகப்பன். "பிலோமி ஒண்ணும் சொல்லலியே!"

அந்த வாரமே லோரிகள் மலையிறங்கின. அன்று சாயங்காலம் தெரசம்மாள் பாயை உதறி விரித்தாள். "என் ராசாத்தி, இனி எவன் கேக்குறது? இஷ்டத்துக்குச் சத்தம் போடு," என்று தூங்குகிற பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினாள். சேதி பரவி, சுவருக்கு அந்தப் பக்கம் பழைய கூட்டம் வந்து குந்திவிட்டது.

சத்தமே இல்லை.

தெரசம்மாள் விழுந்து பிள்ளையின் மூக்கில் காதை வைத்தாள். காற்று போனது, வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்வருவது போல, மெதுவாக. நெஞ்சுக்குழி ஆடாமல் இருந்தது. தோளிலேயே வளர்ந்த பிள்ளையின் தொண்டை எப்போது கெட்டிப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரசம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னா தெரசா," சுவருக்குப் பின்னாலிருந்து நாகப்பன் குரல், "லண்டன் பேசலியா?"

"பேசலண்ணே," என்றாள் தெரசம்மாள். "எம்புள்ள சும்மா தூங்குறா."

அந்தப் பக்கம் நாகப்பன் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது.

"அப்பன்னா நெசந்தான்லா. சண்டை முடிஞ்சிருச்சு."