மாமாவின் ஈரலில் ஒரு புள்ளி

"படம் பிடிக்கிறதுக்கு நாலு வருசம் படிக்கோணுமோ பிள்ளை? பரந்தன் சந்தி ஸ்டூடியோக்காரன் எட்டாம் வகுப்பு. அவன் பிடிக்கேல்லையோ?"

எக்ஸ்ரே, ஸ்கான் எடுக்கப் படிக்கும் கதிர்ப்படத் துறைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்த அன்று அம்மாவின் அண்ணன் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மாமா உருத்திரபுரத்தில் வயல் செய்கிறார். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பிரித்துவிடுபவரும் அவரே. அவர் வாயிலிருந்து வந்ததால் 'ஸ்டூடியோப் பிள்ளை' என்ற பட்டம் எனக்கு நிலைத்துவிட்டது.

போன வருடம் கல் இருக்கிறதா என்று வயிற்றை ஸ்கான் செய்தபோது மாமாவின் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. புற்றுநோயோ என்று பார்க்க, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே சீ.ரி. ஸ்கானுக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் பகிடி விட்டுச் சிரித்து வந்தவர் மேசையில் படுத்ததும், "கன நேரம் எடுக்குமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

இரத்தம் போகும் இடத்தைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் மருந்தை நரம்பில் ஏற்றி, இடைவெளி விட்டு மூன்று முறை படம் எடுத்தேன். முதல் படத்தில் புள்ளியின் ஓரத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள். இரண்டாவதில் அவை உள்ளே பரவியிருந்தன. மூன்றாவதில் புள்ளி முழுவதும் வெள்ளை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வேண்டியவர் வைத்திய நிபுணர். அவர் பார்த்து முடிக்கும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

புற்று இல்லை, இரத்தக் குழாய்கள் சேர்ந்த தீங்கில்லாத கட்டி என்றார் அவர். மாமா நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"மருந்தை வாய்க்கால் தண்ணியெண்டு நினையுங்கோ மாமா. ஈரல் புற்று பெரும்பாலும் தனக்கெண்டு ஒரு கள்ள வாய்க்கால் வெட்டி வைச்சிருக்கும். அதாலை முதல் படத்திலையே நிரம்பி வெளிச்சமாத் தெரியும். மற்ற வயலெல்லாம் நிரம்பேக்கை அது வத்திக் கறுத்துப்போகும். உங்கடை புள்ளி ஓரத்தாலை மெல்ல நிரம்பி, கடைசிவரை தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்குது."

மாமா தலையை ஆட்டினார்.

"ஓம். அப்பிடி முறை தப்பிப் பாய்ச்சிற ஆக்கள் எங்கடை வாய்க்காலிலையும் ரெண்டு பேர் இருக்கினம்."

ஒரு கிழமைக்குள் கதை வாய்க்கால் முழுவதும் பாய்ந்துவிட்டது. ஈரலில் புள்ளி என்றதும் பயந்து ஸ்கானுக்கு வராமல் இருந்த பக்கத்து வயல்காரரை மாமாவே பஸ் ஏற்றிக் கூட்டிவந்தார். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் வீட்டில் பயந்துகொண்டு இருப்பார்கள் என்று அன்றுதான் நினைத்தேன்.

ஊர் விவசாயிகள் கூடும் அடுத்த கமக்காரர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பெரிய தாளில் மூன்று ஸ்கான் படத்தையும் தண்ணீர் பாயும் மூன்று வயலாகக் கீறியாயிற்று. கூடவே காட்டச் சொல்லி மாமா தன் ஸ்கான் படத்தையும் தந்திருக்கிறார்.